வாசகர் கேள்வி – பதில்: எந்தச் சோதனைத் திட்டம் நல்லது?

ரிக்ரஷன் எனப்படும் தொடர்புப் போக்குப் பகுப்பாய்வுக்காகச் சோதனைகளைத் திட்டமிடுவது பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன. கணக்குகளில் காரணியின் வீச்சை –1 முதல் +1 வரை சுருக்கி எழுதியிருக்கிறோம். உண்மை மதிப்பிலிருந்து நடுமதிப்பைக் கழித்து, பாதி வீச்சால் வகுத்தால் இந்த எண் கிடைக்கும்.

கேள்வி: வெப்பநிலையை 40 முதல் 85 டிகிரி வரை மாற்றி, விளைபொருளின் சதவீதத்தை அளக்கிறேன். பொருத்தப்போவது நேர்கோடு. 10 சோதனைக்குத்தான் வசதி இருக்கிறது. 5 டிகிரிக்கு ஒன்றாகப் பத்து இடத்தில் வைக்கவா, இரண்டு முனையிலும் ஐந்தைந்தாக வைக்கவா? வழிகாட்டி முதலாவதைச் சொல்கிறார், பாடநூல் இரண்டாவதைச் சொல்கிறது.

பதில்: இரண்டு பேரும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். சாய்வை மட்டும் துல்லியமாக அறிய வேண்டுமென்றால் பாடநூல் சொல்வதுதான் சரி.

சாய்வின் வேரியன்ஸ் (மதிப்பீடு எவ்வளவு சிதறும் என்பதன் அளவு; இதன் வர்க்கமூலமே திட்டப் பிழை) என்பது பிழையின் வேரியன்ஸை, வெப்பநிலைகள் தம் சராசரியிலிருந்து விலகும் அளவுகளின் வர்க்கக் கூட்டுத்தொகையால் வகுத்தது. இந்தச் சூத்திரத்தில் விளைபொருளின் அளவு எங்குமே வரவில்லை. ஆகவே ஒரு சோதனைகூடச் செய்யாமல், தாளில் கணக்கிட்டே இரண்டு திட்டங்களையும் ஒப்பிட்டுவிடலாம். 5 டிகிரி இடைவெளியில் பத்து இடம் என்றால் வர்க்கக் கூட்டுத்தொகை 2062.5. முனைக்கு ஐந்து என்றால் 5062.5. உங்கள் அளவீட்டின் திட்ட விலக்கம் 2 சதவீதப் புள்ளி என்று வைத்துக்கொண்டால், சாய்வின் திட்டப் பிழை முதல் திட்டத்தில் 0.044, இரண்டாவதில் 0.028. இதே வீச்சுக்குள் சம இடைவெளியில் சோதனைகளை வைத்துக்கொண்டு முனைத் திட்டத்தின் துல்லியத்தை எட்ட வேண்டுமானால் 28 சோதனை தேவைப்படும்.

ஆனால் அந்த உறவு உண்மையிலேயே நேர்கோடு தானா என்பதை முனைத் திட்டத்தால் ஒருபோதும் சொல்ல முடியாது. இரண்டு இடங்களின் வழியே நேர்கோடு எப்போதும் கச்சிதமாகப் போகும். நடுவில் விளைபொருள் ஏறி இறங்கியிருந்தாலும் ரிக்ரஷன் வெளியீட்டில் ஒரு சிறு சந்தேகம்கூடத் தென்படாது. உங்கள் வழிகாட்டியின் பயம் இதுதான், அது நியாயமான பயம்.

எங்கள் பரிந்துரை 4–2–4. அதாவது 40-இல் நான்கு, 62.5-இல் இரண்டு, 85-இல் நான்கு. சாய்வின் திட்டப் பிழை 0.031 ஆகும். முனைத் திட்டத்தைவிட இழப்பு கொஞ்சம்தான். நடுப்புள்ளிகளின் சராசரிக்கும் முனைகளின் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். அந்த வித்தியாசத்தின் திட்டப் பிழை 1.58. ஆகவே வளைவு 3 புள்ளிக்கும் குறைவாக இருந்தால் இந்தத் திட்டத்தின் கண்ணில் படாமல் தப்பிவிடக்கூடும். அதைவிடச் சின்ன வளைவையும் பிடிக்க வேண்டுமா? 3–4–3 என்று மாற்றுங்கள். வளைவின் திட்டப் பிழை 1.29 ஆகக் குறையும், சாய்வின் திட்டப் பிழை 0.036 ஆகக் கூடும். எது முக்கியம் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள்.

கேள்வி: ஒரு காரணி, அதாவது நேரம், 10 முதல் 50 நிமிடம் வரை. இருபடி மாடல். 12 சோதனை. மென்பொருள் 10, 30, 50 நிமிடங்களில் நான்கு நான்காக வைக்கச் சொல்கிறது. அதன் பெயர் டி-ஆப்டிமல் என்கிறது. வேறொரு தெரிவை அழுத்தினால் ஐ-ஆப்டிமல் என்று 3–6–3 தருகிறது. இந்த எழுத்துகள் எல்லாம் என்ன? எதை நம்புவது?

பதில்: ஒவ்வொரு எழுத்தும் 'நல்ல திட்டம்' என்பதற்கான ஒரு வரையறை. டி என்பது எல்லாக் குணகங்களையும் சேர்த்து அவற்றின் நம்பக எல்லையின் கன அளவைச் சுருக்குகிறது. ஏ என்பது குணகங்களின் வேரியன்ஸ்களின் சராசரியைக் குறைக்கிறது. ஜி, ஐ இரண்டும் குணகங்களைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, கணிப்பைத்தான் பார்க்கின்றன. வீச்சுக்குள் கணிப்பு மிக மோசமாக இருக்கும் இடத்தைச் சரிசெய்வது ஜி, கணிப்பின் சராசரி வேரியன்ஸைக் குறைப்பது ஐ.

எந்தக் காரணி முக்கியம், எந்தக் குணகம் பூச்சியமல்ல என்று தேடும் கட்டத்தில் டி பொருத்தம். உகந்த நேரம் எது, அங்கே விளைவு எவ்வளவு என்று கணிக்கும் கட்டத்தில் ஐ பொருத்தம். மாடலில் இருபடி உறுப்பு வந்துவிட்டது என்றாலே பெரும்பாலும் நீங்கள் கணிப்புக் கட்டத்தில்தான் நிற்கிறீர்கள்.

இனி கணக்கு. மையம் 30, பாதி வீச்சு 20, எனவே 10, 30, 50 நிமிடங்கள் –1, 0, +1 ஆகின்றன. மையத்துக்கு இருபுறமும் சமச்சீராக உள்ள திட்டத்துக்கு இரண்டே எண் போதும். ஒன்று, இந்தச் சுருக்கிய மதிப்புகளின் வர்க்கங்களின் சராசரி. மற்றது, நான்காம் அடுக்குகளின் சராசரி. முதலாவதை 'ப' என்றும், இரண்டாவதை 'ம' என்றும் வையுங்கள். டி பெரிதாக்கப் பார்ப்பது தகவல் அணியின் (குணகங்களைப் பற்றித் திட்டம் தரும் தகவலைத் தொகுக்கும் அணி) அணிக்கோவையை. அந்த அணிக்கோவை = ப × (ம – ப × ப). 4–4–4 திட்டத்தில் பன்னிரண்டில் எட்டுப் புள்ளிகள் முனையில் உள்ளன. ஆகவே ப, ம இரண்டும் 0.667, அணிக்கோவை 0.148. இந்த மாடலுக்கு டி-அளவுகோலில் இதைவிடப் பெரிய எண் கிடைக்காது.

இப்போது மென்பொருள் காட்டாத மூன்றாவது திட்டம் ஒன்றைப் பாருங்கள்: 10, 20, 30, 40, 50 நிமிடங்களில் முறையே 3, 2, 2, 2, 3 சோதனைகள். ப = 7 ÷ 12 = 0.583. நான்காம் அடுக்குக்கு முனைப்புள்ளி ஒவ்வொன்றும் 1, இடைப்புள்ளி ஒவ்வொன்றும் 0.0625 தரும். ஆகவே ம = 6.25 ÷ 12 = 0.521. அணிக்கோவை 0.105. இரண்டு அணிக்கோவைகளின் விகிதம் 0.71. மாடலில் மூன்று குணகம் இருப்பதால் விகிதத்தின் கனமூலம் எடுக்க வேண்டும். கிடைப்பது 0.89. அதாவது இந்தத் திட்டத்தின் 12 சோதனை, டி-ஆப்டிமல் திட்டத்தின் ஏறக்குறைய 10.7 சோதனைக்குச் சமம். மூலம் எடுக்க மறந்து, '71 சதவீதம்தான் திறன்' என்று நல்ல திட்டத்தைத் தூக்கிப் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

நான்கு திட்டங்களையும் பக்கத்தில் வைத்தால்:

4–4–4: டி-திறன் 100, ஐ-திறன் 89 சதவீதம்.
3–6–3: டி-திறன் 94.5, ஐ-திறன் 100.
3–2–2–2–3: டி-திறன் 89, ஐ-திறன் 88.5.
சம இடைவெளியில் பன்னிரண்டு இடம்: டி-திறன் 69, ஐ-திறன் 82.

கணிப்பு எந்த இடத்தில் மோசமாகிறது என்பதையும் பாருங்கள். பிழை வேரியன்ஸை 1 என்று வைத்து, சோதனை எண்ணிக்கையால் பெருக்கிச் சொன்னால், 4–4–4 திட்டத்தில் மையத்திலும் முனையிலும் கணிப்பு வேரியன்ஸ் 3. அதுவே உச்சம், குணகங்களின் எண்ணிக்கைக்குச் சமம். டி-ஆப்டிமல் திட்டம்தான் ஜி-ஆப்டிமலும் என்று 1960-இல் கீஃபரும் வுல்ஃபோவிட்ஸும் நிறுவியதன் நேரடிச் சான்று இது. மென்பொருள் கொடுத்த திட்டம் உண்மையிலேயே டி-ஆப்டிமலா என்று சரிபார்க்கவும் இந்த எண் உதவும். 3–6–3 திட்டத்தில் மையத்தில் 2, முனையில் 4. சம இடைவெளித் திட்டத்தில் முனையில் 6.6. பத்து நிமிடத்திலும் ஐம்பது நிமிடத்திலும் கணிக்க வேண்டியவர் இதைக் கேட்டால் அந்தத் திட்டத்தின் பக்கமே போகமாட்டார்.

அப்படியானால் 4–4–4 தானே? இல்லை, எங்கள் ஓட்டு 3–2–2–2–3-க்குத்தான். மூன்றே இடம் உள்ள திட்டத்தில் இருபடி மாடல் பொருந்துகிறதா என்று சோதிக்க வழியே இல்லை. மூன்று இடம், மூன்று குணகம், கணக்கு தீர்ந்துவிட்டது. ஐந்து இட, 3–2–2–2–3 திட்டத்தில் பொருந்தாமையைச் சோதிக்க 2 டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் (கணக்குக்கு மிஞ்சும் சுயேச்சையான தகவல்களின் எண்ணிக்கை), மறுசோதனைகளிலிருந்து தூய பிழையை, அதாவது மாடலைச் சாராத சோதனைப் பிழையை, கணக்கிட 7. உறவு முப்படி என்று தெரியவந்தாலும் அதே தரவைக் கொண்டே பொருத்திவிடலாம். சுமார் 11 சதவீதத் திறனைக் கொடுத்து இத்தனையும் வாங்குவது லாபமான பேரம். சம இடைவெளித் திட்டத்தில் பன்னிரண்டு வெவ்வேறு இடம் இருந்தும் மறுசோதனை ஒன்றுகூட இல்லாததால், பொருந்தாமையை ஒப்பிடத் தூய பிழை கிடையாது. விலை அதிகம், வரவு குறைவு.

பல்லுறுப்புக் கோவைக்கு இப்படி உகந்த இடங்களைக் கண்டுபிடிக்கும் வேலை புதிதல்ல. கிர்ஸ்டீன் ஸ்மித் என்ற டேனிஷ் புள்ளியியலாளர் 1918-இலேயே ஆறாம் படி வரை கணக்கிட்டு வெளியிட்டார். கணினி இல்லாத காலம் அது.

கேள்வி: ஒரு திட்டத்தில் 12 சோதனை, இன்னொன்றில் 16. இவற்றை எப்படி ஒப்பிடுவது?

பதில்: இரண்டு விதமாகவும் ஒப்பிட வேண்டும். சோதனைக்கு இவ்வளவு என்ற திறன், திட்டம் எவ்வளவு சிக்கனமானது என்று காட்டும். மொத்தத் திட்டப் பிழை, கையில் கிடைக்கப்போவது என்ன என்று காட்டும். 16 சோதனைத் திட்டம் சிக்கனத்தில் பின்தங்கியும் மொத்தத்தில் முந்தியும் இருக்கலாம். ஒரு எச்சரிக்கை: இரண்டையும் ஒரே வீச்சுக்குள் சுருக்கிய பிறகே ஒப்பிடுங்கள். ஒன்றை 10–50 நிமிடத்துக்கும் மற்றதை 20–40 நிமிடத்துக்கும் தனித்தனியே –1, +1 ஆக்கினால், வீச்சின் பலன் முழுவதும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். நேர்கோட்டில் வீச்சை இரட்டிப்பாக்கினால் சாய்வின் திட்டப் பிழை பாதியாகும். சோதனைகளை மட்டும் கூட்டி அதே பாதியை அடைய நான்கு மடங்கு சோதனை வேண்டும்.

கேள்வி: மூன்று காரணிகள். மற்றவற்றை நிலையாக வைத்து ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதுதான் எங்கள் ஆய்வகத்தில் வழக்கம். அது சுலபமாகப் புரிகிறது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றும் ஃபேக்டோரியல் திட்டத்தில் அப்படி என்ன கூடுதல் லாபம்?

பதில்: இரண்டு லாபம். ஒன்று எண்ணிக்கையில், மற்றது இடைவினையில்.

8 சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வழக்கப்படி ஓர் அடிப்படை நிலை, ஒவ்வொரு காரணியையும் உயர்த்திய மூன்று நிலை, ஆக நான்கு நிலை, ஒவ்வொன்றிலும் இரண்டு சோதனை. ஒரு காரணியின் விளைவு என்பது இரண்டு சோதனைகளின் சராசரிக்கும் வேறு இரண்டு சோதனைகளின் சராசரிக்கும் உள்ள வித்தியாசம். மற்ற நான்கு சோதனையும் அந்தக் காரணிக்குப் பயன்படவே இல்லை. மூன்று காரணிக்கும் இரண்டிரண்டு நிலை என்று எட்டுச் சேர்க்கைகளையும் செய்தால், ஒவ்வொரு காரணிக்கும் நான்குக்கு நான்கு என்று எல்லாச் சோதனைகளும் வேலை செய்கின்றன. விளைவின் வேரியன்ஸ் பாதியாகிறது. உங்கள் வழக்கப்படி இதே துல்லியத்தை அடைய 16 சோதனை வேண்டும்.

அப்படி 16 செய்தாலும் இடைவினை கிடைக்காது. வெப்பநிலையின் விளைவு அமிலத்தன்மையைப் பொறுத்து மாறுகிறதா என்பதை, இரண்டும் சேர்ந்து உயர்ந்த ஒரு சோதனை இல்லாமல் எப்படி அறிய முடியும்?

காரணிகள் நான்காகும்போது பாதித் திட்டம் போதும் என்று மென்பொருள் 8 சோதனை தரும். நான்காவது காரணி 'ஈ'-யின் நிலையை அ × ஆ × இ பெருக்கலின் குறியாக வைப்பார்கள். இதில் முதன்மை விளைவுகள் இரு காரணி இடைவினைகளோடு கலக்காது. ஆனால் அ × ஆ இடைவினை, இ × ஈ இடைவினையோடு முழுதாகக் கலந்துவிடும். ரிக்ரஷனில் இரண்டையும் போட்டால் ஒன்றைக் கணக்கிட முடியவில்லை என்று மென்பொருள் விட்டுவிடும். ஒன்றை மட்டும் போட்டால் அழகான ஓர் எண்ணைத் தரும், அது இரண்டின் கூட்டு. 'அ × ஆ முக்கியம்' என்று அறிக்கையில் எழுதுவதற்கு முன் எது எதோடு கலந்திருக்கிறது என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள்.

கேள்வி: மூன்று காரணி, முழு இருபடி மாடல். சென்ட்ரல் காம்போசிட்டா, பாக்ஸ்–பென்கனா?

பதில்: மாடலில் 10 குணகம். பாக்ஸும் வில்சனும் 1951-இல் தந்த சென்ட்ரல் காம்போசிட்டில் வழக்கமாக 8 மூலை (மூன்று காரணியும் உயர் அல்லது தாழ் நிலையில்), 6 அச்சுப்புள்ளி (ஒரு காரணி மட்டும் மையத்திலிருந்து விலகியது), 6 மையம் என்று 20 சோதனை. 1960-இல் வந்த பாக்ஸ்–பென்கனில் 12 விளிம்பு நடுப்புள்ளி, 3 மையம் என்று 15. எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

முதலில் கேட்க வேண்டியது: மூலைகளில் என்ன நடக்கும்? மூன்று காரணியும் ஒரே நேரத்தில் உச்சத்தில் இருந்தால் மாதிரி கருகிவிடும், குழாய் அடைத்துக்கொள்ளும் என்றால் பாக்ஸ்–பென்கன்தான். அதில் மூலைப்புள்ளியே கிடையாது. அதே காரணத்தால் மூலையில் கணிக்க வேண்டியவருக்கு அது உதவாது, அங்கே கணிப்பு வேரியன்ஸ் எகிறிவிடும்.

இரண்டாவது: அச்சுப்புள்ளி கருவியின் எல்லையைத் தாண்டுகிறதா? மூன்று காரணிக்குச் சுழற்சிச் சமச்சீர் (மையத்திலிருந்து ஒரே தூரத்தில் எங்கும் ஒரே கணிப்பு வேரியன்ஸ்) வேண்டுமானால் ஆல்ஃபா, அதாவது சுருக்கிய அளவில் மையத்திலிருந்து அச்சுப்புள்ளியின் தூரம், 1.682. மூலைகளை 100, 140 டிகிரியில் வைத்தால் அச்சுப்புள்ளிகள் 86.4-இலும் 153.6-இலும் போய் விழும். கருவி 150-க்கு மேல் போகாது என்பதைப் பாதி வேலை முடிந்த பிறகு கண்டுபிடித்து, 153.6-ஐ 150 ஆக்கிவிட்டு, ரிக்ரஷனில் மட்டும் 1.682 என்றே போடுபவர்கள் உண்டு. செய்த மதிப்பைத்தான் போட வேண்டும். எல்லை 90–150 என்று முன்பே தெரிந்தால் அச்சுப்புள்ளிகளை அங்கே வைத்து, மூலைகளை 102.2, 137.8 ஆக உள்ளே இழுங்கள். அல்லது ஆல்ஃபாவை 1 ஆக்கி முகமையத் திட்டமாக (அச்சுப்புள்ளிகள் கனசதுரத்தின் முகங்களின் மையத்தில் இருப்பது) மாற்றுங்கள். பின்னதில் ஒவ்வொரு காரணிக்கும் மூன்றே நிலை என்பது வசதி, இருபடிக் குணகங்களின் துல்லியம் கொஞ்சம் குறையும்.

மூன்றாவதை யாரும் கேட்பதில்லை, ஆனால் செலவைத் தீர்மானிப்பது அதுதான். சென்ட்ரல் காம்போசிட்டைத் தவணையில் செய்யலாம். எட்டு மூலையும் சில மையமும் முதலில். வளைவு தென்படாவிட்டால் அங்கேயே நிறுத்தி, வேறு பகுதிக்கு நகரலாம். வளைவு இருந்தால் மட்டும் அச்சுப்புள்ளிகள். பாக்ஸ்–பென்கனில் பாதியில் நிறுத்தினால் கையில் ஒன்றும் மிஞ்சாது. உகந்த இடம் எங்கே என்று தெரியாத நிலையில் தொடங்குபவருக்கு, 20 என்ற எண் 15-ஐவிட மலிவாக முடிவது இதனால்தான்.

கேள்வி: ஒரே மாதிரியை மூன்று முறை அளந்தால் அது மறுசோதனை ஆகாதா?

பதில்: ஆகாது. அது கருவியின் பிழையை மட்டும் காட்டும். மாதிரி தயாரித்ததில் வந்த பிழை மூன்றிலும் ஒன்றே. மூன்றையும் தனித்தனி வரியாக ரிக்ரஷனில் போட்டால் திட்டப் பிழை பொய்யாகச் சுருங்கும். பொருந்தாமைச் சோதனை எல்லா மாடலையும் 'பொருந்தவில்லை' என்று தள்ளும். மூன்றின் சராசரியை ஒரே வரியாகப் போடுங்கள்.

கேள்வி: உலை வெப்பநிலையை ஒவ்வொரு சோதனைக்கும் மாற்றினால் நாள் போதாது. ஒருமுறை சூடேற்றி நான்கு மாதிரிகளை உள்ளே வைக்கிறோம். இரண்டு வெப்பநிலை, மொத்தம் நான்கு சூடேற்றம், 16 மாதிரி. சாதாரண ரிக்ரஷன் போடலாமா?

பதில்: போட்டால் வெப்பநிலையைப் பற்றித் தவறான நம்பிக்கை வரும். மாதிரி 16 என்றாலும் வெப்பநிலைக்கு நான்கே சுயேச்சையான சோதனைகள்தான். உலையை ஒவ்வொரு முறை அமைக்கும்போதும் ஒரு பிழை வருகிறது, அது உள்ளே இருக்கும் நான்கு மாதிரிக்கும் பொது.

உலைப் பிழையின் வேரியன்ஸ் 1, மாதிரிப் பிழையின் வேரியன்ஸ் 1 என்று வையுங்கள். இரண்டு வெப்பநிலைகளின் வித்தியாசத்துக்கு உண்மையான வேரியன்ஸ் 1.25, திட்டப் பிழை 1.12. இரண்டு பிழையையும் ஒன்றாகக் கலந்து 16-ஐயும் சுயேச்சை என்று எடுத்தால் வேரியன்ஸ் 0.5, திட்டப் பிழை 0.71. அத்துடன் வெப்பநிலைக்குக் கிடைக்கும் டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் 2 மட்டுமே. 5 சதவீத மட்டத்தில் டி-மதிப்பு (ஸ்டூடன்ட்டின் t; டி-ஆப்டிமலின் D அல்ல) 4.30-ஐத் தாண்டினால்தான் ஏதாவது சொல்ல முடியும்.

இதற்கு ஸ்ப்ளிட்-பிளாட் என்று பெயர், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சூடேற்றத்தைத் தற்செயல் விளைவாகச் சேர்த்து, உலைப் பிழையையும் மாதிரிப் பிழையையும் தனித்தனியே மதிப்பிடும் ரெம்எல் (REML) முறையில் பொருத்துங்கள். உலைக்குள்ளேயே மாறும் காரணிகளும், அவற்றுக்கும் வெப்பநிலைக்கும் உள்ள இடைவினைகளும் இந்த அமைப்பில் மிகத் துல்லியமாகக் கிடைக்கும், அது ஒரு நல்ல பக்கம்.

வெப்பநிலையே உங்கள் முக்கியக் கேள்வி என்றால் எட்டுச் சூடேற்றம், ஒவ்வொன்றிலும் இரண்டு மாதிரி என்று மாற்றுங்கள். மாதிரி எண்ணிக்கை அதே 16. வேரியன்ஸ் 1.25-இலிருந்து 0.75-க்கு இறங்கும், டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் 6 ஆகும், தாண்ட வேண்டிய எல்லை 2.45. ஒரு நடைமுறைக் குறிப்பு: அடுத்தடுத்து ஒரே வெப்பநிலை வந்தாலும் உலையை இறக்கி, திரும்ப அமைக்க வேண்டும். 'ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது' என்று விட்டுவிட்டால் இரண்டு சூடேற்றம் ஒன்றாகிவிடும்.

கேள்வி: நொதி வேகத்துக்கு மைக்கேலிஸ்–மென்டன் சமன்பாட்டைப் பொருத்துகிறேன். 10 மில்லிமோலாரில் தொடங்கி ஒவ்வொரு முறையும் பாதியாக்கி, ஆறு செறிவுகளில் அளக்கிறோம். இதைவிட நல்ல திட்டம் உண்டா?

பதில்: உண்டு, ஆனால் அது கே என்ற மாறிலியை (வேகம் உச்ச வேகத்தில் பாதியாகும் செறிவு) முன்கூட்டியே ஊகிக்கச் சொல்கிறது. நேரியல் அல்லாத மாடலின் சிக்கல் இதுதான்: கண்டுபிடிக்க வேண்டிய எண் தெரிந்தால்தான் அதைக் கண்டுபிடிக்கும் சிறந்த திட்டம் தெரியும்.

அளவீட்டுப் பிழை எல்லாச் செறிவிலும் ஒரே அளவு என்றால் டி-ஆப்டிமல் இடங்கள் இரண்டுதான். ஒன்று நீங்கள் போகக்கூடிய உச்சச் செறிவு. மற்றது, கே-யை உச்சச் செறிவால் பெருக்கி, உச்சச் செறிவோடு இரு மடங்கு கே-யைக் கூட்டியதால் வகுத்தால் வருவது. கே சுமார் 2, உச்சம் 10 என்றால் 20 ÷ 14 = 1.43 மில்லிமோலார். பாதிச் சோதனை அங்கே, பாதி 10-இல். இதோடு ஒப்பிட்டால் உங்கள் ஆறு செறிவு வரிசையின் டி-திறன் 69 சதவீதம். கீழே 0.625, 0.31 ஆகிய இடங்களில் வேகம் மிகச் சிறியது, அங்கே அளப்பதில் தகவல் அதிகம் இல்லை.

ஊகம் தவறினால்? உண்மையில் கே 4 ஆக இருந்தால் சிறந்த இடம் 2.22. நீங்கள் 1.43-இல் அளந்திருப்பீர்கள், ஆனாலும் திறன் 93 சதவீதம். இரு மடங்கு தவறுக்கு 7 சதவீத அபராதம் தாங்கக்கூடியதே. கே 0.5 ஆக இருந்தால் இழப்பு 31 சதவீதத்துக்குப் போகும். ஆகவே சோதனைகளை இரண்டு தவணையாகப் பிரியுங்கள். முதல் தவணையில் 10, 5, 1.5, 0.5 என்று பரப்பி அளந்து கே-யை மதிப்பிடுங்கள். இரண்டாம் தவணையை அந்த மதிப்பீடு சொல்லும் இடத்திலும் உச்சத்திலும் குவியுங்கள். இரண்டே இடத்தில் முழுவதையும் வைத்தால் சமன்பாடே பொருந்துகிறதா என்று பார்க்க வழி இருக்காது என்பது இங்கும் உண்மை. பரப்பிய முதல் தவணை அந்த வேலையையும் செய்துவிடும்.

இருபுறமும் தலைகீழாக்கி நேர்கோடு போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். மிகச் சிறிய வேகங்களின் பிழையை அது பூதாகரமாக்கும். நல்ல திட்டத்தின் பலன் அத்தனையும் அதில் கரைந்துபோகும்.

கேள்வி: டி-ஆப்டிமல் திட்டம் கேட்டால் மென்பொருள் ஒவ்வொரு முறையும் வேறு வேறு திட்டம் தருகிறது. எது சரி?

பதில்: தேடல் ஒரு தற்செயல் திட்டத்தில் தொடங்கி, இதைவிட நல்ல புள்ளி கிடைக்கிறதா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கிறது. பக்கத்தில் இருக்கும் ஒரு சிறு சிகரத்தில் நின்றுவிடுவது அதற்குச் சகஜம். தொடக்கங்களின் எண்ணிக்கையை ஆயிரத்துக்கு உயர்த்துங்கள், அணிக்கோவை மேலே ஏறாத இடத்தில் நிறுத்தலாம். அதன் பிறகும் ஒரே அணிக்கோவையோடு வெவ்வேறு திட்டங்கள் வந்தால் உச்சக் கணிப்பு வேரியன்ஸ், குணகங்களுக்கு இடையிலான ஒட்டுறவு, மறுசோதனைகள் எங்கே விழுகின்றன ஆகிய மூன்றையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

மென்பொருளுக்குக் கொடுத்த வேட்பாளர் புள்ளிகளின் பட்டியலையும் பாருங்கள். அதில் மூலைகள் மட்டும் இருந்தால், எத்தனை முறை தேடினாலும் மையப்புள்ளி வராது. முதன்மை விளைவுகளை மட்டும் மாடலாகக் கொடுத்தாலும் வராது, ஏனென்றால் அந்த மாடலுக்கு மையம் தேவையில்லை. தூய பிழைக்கு மூன்று முதல் ஐந்து மறுசோதனைகளை நீங்களே சேர்க்கும்படி சொல்ல வேண்டியிருக்கும். திட்டம் அச்சாகும் வரிசை பெரும்பாலும் அடுக்கி வைத்த வரிசை. அதே வரிசையில் செய்தால் காலை முதல் மாலை வரை கருவியில் ஏற்படும் நகர்வு முதல் காரணியின் விளைவோடு கலந்துவிடும். குலுக்கிவிட்டுத் தொடங்குங்கள், குலுக்கிய வரிசையையும் தரவோடு சேமித்து வையுங்கள். எச்சங்களை (அளந்ததற்கும் மாடல் கணித்ததற்கும் உள்ள வித்தியாசங்களை) அந்த வரிசைப்படி வரைந்து பார்க்கும்போது அது தேவைப்படும்.